மே மாதத்துக் கூலி

தமிழ்நாட்டில் ‘இலவசம்’ என்ற சொல்லைப் போல ஏளனத்துக்கும் நன்றிக்கும் ஒருசேர ஆளான சொல் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. தேர்தல் மேடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் அச்சொல் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் நம் கல்வி வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் அச்சொல்லுக்குள் ஒரு நீண்ட அனுபவம் சேர்ந்திருப்பது புலப்படும். 1956ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு வழங்கத் தொடங்கியபோது அரசு ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. கட்டணம் இல்லை என்று அறிவித்துவிடுவதால் மட்டும் ஒரு குழந்தை பள்ளிக்கு வந்துவிடாது. அதன் வயிற்றுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022இல் காலை உணவு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பேருந்துச் சலுகை அட்டை, மிதிவண்டி, 2011 முதல் மடிக்கணினி என்று ஒவ்வொன்றாய்ச் சேர்ந்தன. பள்ளிக்குப் போவதற்குக் கட்டணம் தவிர வேறு பல விலைகளும் உண்டு என்பதை இந்தச் சமூகம் ஒவ்வொரு தலைமுறையிலும் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொண்டு வந்திருக்கிறது.

அந்தப் புரிதல் இன்னும் போய்ச் சேராத ஓர் இடம் உண்டு. அது கோடை விடுமுறை.

பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களைக் கல்லூரிக்கு ஆயத்தப்படுத்தும் இலவசக் கோடை முகாம்களைப் பற்றி இங்கே எழுத நினைக்கிறோம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் 2022 முதல் நாங்கள் சில ஆசிரியர்கள் கூடி இத்தகைய முகாம் ஒன்றை நடத்தி வருகிறோம். எங்களுள் பெரும்பாலோர் மலையடிவாரத்துக் கல்லூரிகளில் விரிவுரையாளர்கள். தமிழ், கணிதம், வணிகவியல் என்று பாடங்கள் வேறு வேறு. சங்கம், அறக்கட்டளை என்று எந்தப் பெயரும் வைத்துக்கொள்ளவில்லை. சிறிய முயற்சிதான். எனினும் அதில் நாங்கள் கண்டவை இம்மலையோடு நின்றுவிடுவன அல்ல என்பதால் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளத் தோன்றியது.

முதலில், இப்படியொரு முகாம் எதற்கு என்ற கேள்வி. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு ‘பி.யூ.சி.’ என்ற சொல் காதில் விழுந்திருக்கும். 1978இல் மேல்நிலைப் பள்ளி முறை வரும்வரை, பதினோராம் வகுப்பை முடித்த மாணவன் கல்லூரிக்குள்ளேயே ஓராண்டு புகுமுக வகுப்பில் அமர்ந்தான். அந்த ஓராண்டில் பலர் தவறி விழுந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் கல்லூரி என்றால் என்ன, நூலகத்தில் எப்படிப் புத்தகம் எடுப்பது, பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனால் எதைக் குறிப்பெடுப்பது என்பவற்றையெல்லாம் பழகிக்கொள்ள ஒரு நடைவழி அங்கே இருந்தது. அவ்வகுப்பு கல்லூரியிலிருந்து நீங்கி, அதன் பாடங்கள் பள்ளிக்குள் மேல்நிலை வகுப்புகளாகச் சென்றபோது, நடைவழி மட்டும் எங்கும் போகாமல் மறைந்துவிட்டது. இன்று மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிய ஒரு கிராமத்துப் பெண், சில மாதங்களில் நேராகக் கல்லூரி வகுப்பறையில் உட்கார்ந்திருப்பாள். இடையில் இருப்பது ஒரு கோடை மட்டுமே.

அந்தக் கோடையைப் பயன்படுத்தும் முயற்சிகள் உலகில் புதியவை அல்ல. அமெரிக்காவில் இவ்வகையில் இரண்டு மரபுகளைக் காணலாம். 1963இல் வட கரோலினா மாநிலம் ‘ஆளுநர் பள்ளி’ என்ற பெயரில் உறைவிடக் கோடைப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. மாநிலம் முழுவதிலுமிருந்து திறன்மிக்க மாணவர்களைத் தேர்ந்து சில வாரங்கள் உயர்ந்த பயிற்சி தருவது அதன் நோக்கம். அடுத்த ஈராண்டுக்குள், 1965இல், வறுமை ஒழிப்புச் சட்டத்தின் கிளையாக ‘அப்வர்ட் பவுண்ட்’ என்ற திட்டம் வந்தது. ஏழைக் குடும்பங்களிலிருந்தும், பெற்றோர் பட்டம் பெறாத குடும்பங்களிலிருந்தும் வரும் பள்ளி மாணவர்களைக் கோடையில் கல்லூரி வளாகத்துக்கு அழைத்துவந்து தங்கவைத்துப் படிப்பிப்பது அது. முன்னது திறமையைத் தேடிச் சென்றது. பின்னது வாய்ப்பில்லாதவரைத் தேடிச் சென்றது.

நம் நாட்டில் முதல் மரபு நன்றாகவே வேரூன்றியிருக்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008இல் அறிவித்த ‘இன்ஸ்பயர்’ திட்டத்தின் ஐந்து நாள் முகாம்கள், பத்தாம் வகுப்பில் முதல் ஒரு விழுக்காட்டினுள் வந்து அறிவியல் எடுத்துப் படித்த மாணவர்களுக்காக அமைந்தவை. இஸ்ரோ 2019இல் தொடங்கிய ‘யுவிகா’ ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் விண்வெளி ஆய்வு மையங்களைத் திறந்துவிட்டது. பயணம், தங்குமிடம், உணவு அனைத்தும் இலவசம். அதில் ஒரு நல்ல அம்சம், பஞ்சாயத்து எல்லைக்குட்பட்ட பள்ளியில் படிப்போருக்குத் தேர்வில் கூடுதல் மதிப்பு தந்தமை. இரண்டாம் மரபின் சாயலைத் தமிழ்நாட்டில் காண்கிறோம். 2022இல் தமிழக அரசு ‘நான் முதல்வன்’ திட்டத்தின்கீழ் நடத்திய ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கு எங்கே என்ன படிக்கலாம் என்று வழிகாட்டின. மறு ஆண்டில் ‘உயர்வுக்குப் படி’ என்ற பெயரில், எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்காமல் விடுபட்டுப் போனவர்களைத் தேடும் முயற்சியும் நடந்தது. அதற்கும் முன்பே, 2006இல் தோன்றிய அகரம் அறக்கட்டளை 2010இல் ‘விதை’ திட்டத்தைத் தொடங்கி, முதல் தலைமுறை மாணவர்களைக் கல்லூரியில் சேர்த்துப் பட்டம் வரை உடன் நின்றது. இவை யாவும் போற்றத்தக்கவையே.

ஆனால் இவற்றையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு நாயுடுபுரத்தின் மேட்டுத் தெருக்களில் வீடு வீடாக ஏறியபோது, எங்களுக்கு வேறொரு கணக்கு காட்டப்பட்டது.

கொடைக்கானலின் கோடை, சமவெளியின் கோடை அன்று. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த பாதிரிமார்கள் இங்கே முதல் வீடுகளைக் கட்டியதே கீழே எரிக்கும் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பத்தான். 1901இல் அவர்களுடைய குழந்தைகளுக்காகப் பள்ளி ஒன்றும் எழுந்தது. அன்றுமுதல் பிறர் ஓய்வெடுக்கும் காலமே இம்மலைக்காரர்கள் ஓய்வின்றி உழைக்கும் காலமாக இருந்து வருகிறது. இன்று அதற்குச் ‘சீசன்’ என்று பெயர். ஏப்ரலில் தொடங்கி, மே மாதம் பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் உச்சத்தைத் தொட்டு, ஜூன் மழையோடு தணியும். 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வண்டிகளுக்கு மேல் மலையேறக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு கட்டியது. வரம்பே இதுவென்றால், வரம்பின்றி வந்த காலத்து நெரிசலை நண்பர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அந்த நெரிசலைத் தாங்கும் கைகளில் கணிசமானவை நாயுடுபுரம் போன்ற குடியிருப்புகளிலிருந்து வருபவை. லாட்ஜ், காட்டேஜ் அறைகளில் விரிப்பு மாற்றுவோர், ஏரிச் சாலையில் குதிரை பிடிப்போர், சைக்கிள் வாடகைக்கு விடுவோர், மக்காச்சோளம் சுடுவோர், சாக்லேட் பொட்டலம் கட்டுவோர், பேருந்து நிலையத்தில் அறை வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு கூடவே ஓடுவோர். இவர்களுள் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் உண்டு. பதினாறு, பதினேழு வயதினர். 2016இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடுக்கிறது. அதற்கு மேல் பதினெட்டு வரை அபாயமான தொழில்களில் மட்டுமே தடை. எனவே இது சட்ட மீறலும் அன்று. அந்தப் பிள்ளைகளுக்கு அது அவமானமும் அன்று, பலருக்குப் பெருமை.

முகாமுக்கு மகனை அனுப்பச் சொல்லி ஒரு வீட்டில் கேட்டோம். காட்டேஜ் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் அந்தத் தாய் எங்களை உட்காரவைத்து, கடுங்காப்பி கொடுத்த பிறகு சொன்னார்: “சார், படிக்கிறதுக்குக் காசு வேண்டாங்கிறீங்க. ரொம்பச் சந்தோசம். ஆனா இவன் மே மாசம் கொண்டுவர்ற காசுலதான சார் ஜூன்ல காலேஜுக்கே கட்டணும்? நீங்க சொல்லிக்குடுக்க வந்து அவன் வேலைக்குப் போகலேன்னா, அப்புறம் அவன் சேர்றது எப்படி?”

அதற்கு மறுமொழி எதுவும் எங்கள் பையில் இல்லை. அவர் சொன்னதை எண்ணிப் பாருங்கள். எந்தக் கல்லூரிக்காக அவனை ஆயத்தப்படுத்த விரும்பினோமோ, அதே கல்லூரியின் சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், இரண்டு சட்டை, ஒரு பெட்டி ஆகிய யாவும் அந்த ஒரு மாதத்திலிருந்துதான் வர வேண்டும். கல்லூரி தொடங்கிய பின் உதவிகள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டத்திலும், ஆண்களுக்கு 2024இல் தொடங்கிய ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழியிருக்கிறது. ஆனால் அவை வாசலைத் தாண்டியவர்களுக்கு. வாசலுக்கு வருவதற்கான செலவை மே மாதம்தான் தருகிறது.

பெண் பிள்ளைகளின் கணக்கு இன்னும் நுட்பமானது. சீசனில் தாய்க்குக் காலையிலும் மாலையிலும் வேலை இருக்கும். அதுதான் அவர் ஆண்டில் நன்றாகச் சம்பாதிக்கும் காலம். பள்ளி விடுமுறையில் தம்பி தங்கைகள் வீட்டில் இருப்பார்கள். அவர்களை யார் பார்ப்பது? பதினேழு வயது அக்காள்தான். அவளுக்குக் கூலி எதுவும் இல்லை. ஆகவே எந்தப் புள்ளிவிவரத்திலும் அவள் ஈட்டுவதாகத் தெரியாது. ஆனால் அவள் வீட்டில் நிற்பதால்தான் தாயின் கூலி வீட்டுக்கு வருகிறது. அவளை முகாமுக்கு அழைப்பது ஒரு வீட்டின் முழுச் சீசனையும் அழைப்பதற்குச் சமம்.

இத்தனையும் கேட்டறிந்த பின்னரே முகாமின் வடிவத்தைத் தீர்மானித்தோம். உறைவிட முகாம் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. வெள்ளி முதல் ஞாயிறு வரை கூட்டம் மிகுதி. திங்கள் முதல் வியாழன் வரை சற்றுக் குறைவு. எனவே அந்த நான்கு நாட்கள் மட்டும், மதியம் இரண்டு மணி முதல் ஐந்து வரை வகுப்பு. லாட்ஜுகளில் அறைகளைக் காலி செய்து, சுத்தம் செய்து, அடுத்தவருக்குக் கொடுக்கும் வேலை நண்பகலோடு ஓயும். மாலை மீண்டும் தொடங்கும். இடையிலுள்ள அந்த மூன்று மணி நேரம் எங்களுடையது. ஏப்ரல் நடுவிலிருந்து மே இறுதிவரை ஆறு வாரம். தம்பி தங்கைகளை அழைத்து வரலாம். அவர்களுக்குப் பக்கத்து அறையில் கதை சொல்லவும் படம் வரையவும் எங்கள் கல்லூரி மாணவிகள் இருவர் முன்வந்தார்கள். அந்த ஓர் ஏற்பாட்டினால் பெண் பிள்ளைகளின் வருகை இருமடங்காயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

வேலையை விட்டே வர வேண்டியவர்களுக்கு, வரும் நாளுக்கு 150 ரூபாய் என்று ஈட்டுத் தொகை வைத்தோம். அரை நாள் கூலிக்குக் குறைவுதான். நண்பர்களிடமும் எங்கள் ஊதியத்திலிருந்தும் திரட்டியது. இந்த இடத்தில்தான் எதிர்ப்பு எழுந்தது. நன்கொடை தர வந்த ஒருவர், “பாடமும் சொல்லிக் கொடுத்துக் காசும் கொடுப்பதா? படிப்பின்மீது ஆர்வம் உள்ளவன் தானாக வருவான்” என்றார். புத்தகம் வாங்கித் தருவதாகவும், பணமாக மட்டும் தரமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். மதிக்கத்தக்க மனிதர். அவர் வருத்தத்தில் நியாயமில்லாமலும் இல்லை. பணத்துக்காக மட்டும் யாராவது வந்து அமர்ந்துவிட்டுப் போனால் என்ன செய்வது?

ஆனால் 1956இலும் சோற்றுக்காக மட்டும் பிள்ளைகள் பள்ளிக்கு வருவார்கள் என்று பேசியவர்கள் இருந்தார்கள். வந்தார்கள்தான். வந்தவர்கள் படித்தார்கள். ‘அப்வர்ட் பவுண்ட்’ திட்டத்தை வகுத்த அமெரிக்கச் சட்டமும் இதைக் கண்டுகொண்டது. கோடை மாதங்களில் மாணவருக்குச் சிறு உதவித்தொகை தரவும், வேலையோடு இணைந்த பயிற்சியில் இருப்பவருக்கு மாதம் 300 டாலர் வரை கொடுக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே ஏழை மாணவனின் கோடைக்கு ஒரு விலை உண்டென்று சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அத்திட்டத்தை மதிப்பிட்டு 2004இல் வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்று இன்னொன்றையும் சொன்னது. மாணவர் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆனால் தாம் பட்டம் பெறுவோம் என்ற எதிர்பார்ப்பே இல்லாமல் வந்த மாணவர்களிடம் பயன் தெளிவாகத் தெரிந்தது. அம்முடிவுகள் பின்னர் விவாதத்துக்கும் உள்ளாயின. ஆயினும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது வியப்பளிக்காது. எப்படியும் கல்லூரிக்குப் போய்விடக்கூடிய மாணவனுக்கு முகாம் ஒரு நல்ல நினைவு. போகலாமா என்றுகூட யோசிக்காதவனுக்கு அது வேறொன்று.

முகாமில் என்ன கற்பிக்கிறோம் என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பாடத்திட்டத்தை முன்கூட்டி நடத்துவதில்லை. நான்கு காரியங்கள் மட்டுமே.

முதலாவது, சொற்கள். தமிழ் வழியில் இயற்பியல் படித்தவனுக்கு முடுக்கம் என்றால் என்னவென்று திட்டமாகத் தெரியும். கல்லூரியில் ‘ஆக்சிலரேஷன்’ என்று கேட்டதும் தனக்கு எதுவுமே தெரியாதென்று நினைத்துக்கொள்கிறான். தெரிந்த ஒன்றையே தெரியாததாக எண்ணிக் கடைசி இருக்கைக்கு நகரும் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் எங்கள் வகுப்புகளில் காண்கிறோம். எனவே ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல்லும் வலப்பக்கம் ஆங்கிலச் சொல்லுமாகத் தாமே எழுதிச் சேர்க்க வேண்டும். வணிகவியல் வகுப்பில் தேய்மானம் என்ற சொல் வந்தபோது, தந்தை ஜீப் ஓட்டும் ஒரு மாணவன், வாங்கிய விலை, வருடா வருடம் குறையும் விலை, டயருக்கு ஆகும் செலவு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினான். ‘டிப்ரிசியேஷன்’ என்ற சொல் அவனுக்கு இனி அந்நியமாகாது. தமிழ் படித்த எங்களுக்கு இதில் தனி மகிழ்ச்சி. தமிழில் கற்றது வீணாயிற்று என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் விழாமல் தடுப்பதும் தமிழாசிரியர் பணிதான்.

இரண்டாவது, வாசிப்பு. வினாவும் விடையுமாகவே படித்துப் பழகியவர்களுக்குத் தொடர்ச்சியாகப் பத்துப் பக்கம் வாசிப்பது மலையேறுவது போல. தமிழ்க் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, அதன் சாரத்தை அரைப் பக்கத்தில் எழுதச் சொல்கிறோம். முதல் வாரம் கட்டுரையின் முதல் பத்தியை அப்படியே பெயர்த்து எழுதுவார்கள். நான்காம் வாரத்தில் ஒருவராவது, “இவர் சொல்றது சரியில்லீங்க சார்” என்பார். அன்றைக்கு எங்களுக்குத் திருநாள்.

மூன்றாவது, பேச்சு. ஆங்கிலம் வராது என்று பள்ளியில் முத்திரை குத்தப்பட்ட ஒரு பையன், ஏரிக்கரையில் மலையாளத்தில் பேரம் பேசி, இந்தியில் விலை சொல்லி, ஆங்கிலத்தில் வழி காட்டுவதை நாங்களே பார்த்தோம். “இத்தனை மொழி பேசுகிறாயே தம்பி” என்றால், “அது சீசன் இங்கிலீஷ் சார், படிப்பு இங்கிலீஷ் இல்ல” என்கிறான். அவன் மனத்துக்குள் யாரோ போட்டுவைத்த அந்தச் சுவரைத்தான் இடிக்க வேண்டியிருக்கிறது. பேருந்து நிலையத்திலிருந்து வானாய்வகத்துக்கு எப்படிப் போவது என்று ஒரு பயணியிடம் சொல்வதுபோல் சொல்லச் சொன்னோம், தடையின்றிச் சொன்னான். பிறகு அதே முறையில், முதலில் இது, அடுத்து இது என்று, ஒரு வேதியியல் சோதனையைச் சொல்லச் சொன்னோம். தயங்கித் தயங்கி, பாதி வழியில் தானே சிரித்துவிட்டு, சொல்லி முடித்தான்.

நான்காவது, தாள்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு. மே மாதத்தில் தேர்வு முடிவு வந்தபின் அலையத் தொடங்கினால் விண்ணப்ப நாள் கடந்துவிடும். சீசன் நெரிசலில் இ-சேவை மையத்துக்குப் போய்வரவே அரை நாள் கூலி போய்விடும். ஏப்ரலிலேயே எல்லாரையும் உட்காரவைத்து இதை முடித்துவிடுகிறோம். இலக்கியம் படித்தவர்கள் செய்யும் வேலையா இது என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்வதுண்டு. ஆனால் ஒரு சான்றிதழ் இல்லாமையால் ஓராண்டு இழந்த பிள்ளைகளை அறிந்தவர்கள் அந்தக் கேலியை நீட்டிக்கமாட்டார்கள்.

பலன் என்ன? வந்தவர்கள் எல்லாரும் கல்லூரி சேர்ந்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சிலர் சேர்ந்தார்கள், சிலர் சேர்ந்து, முதல் பருவத்திலேயே திரும்பிவிட்டார்கள். காட்டேஜ் வேலையில் மேற்பார்வையாளர் பதவி கிடைத்ததும் மூன்றாம் வாரத்தில் நின்றுவிட்ட ஒருவன் உண்டு. அவன் மறு ஆண்டு தன் தங்கையை அழைத்துவந்து விட்டுவிட்டு, “இவ வேலைக்கு வரமாட்டா சார், நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லிப் போனான். அவள் இப்போது சமவெளியில் ஓர் அரசுக் கல்லூரியில் பொருளியல் படிக்கிறாள். அவனைத் தோல்விக் கணக்கில் எழுதுவதா, வெற்றிக் கணக்கில் எழுதுவதா என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.

இன்னொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். நாயுடுபுரம் கொடைக்கானல் நகராட்சிக்குள் அடங்கிய பகுதி. எனவே ‘கிராமப்புற மாணவர்’ என்ற வரையறை பஞ்சாயத்து எல்லையைக் கொண்டு அமையும் இடங்களிலெல்லாம் இப்பிள்ளைகள் நகரத்து மாணவர்களாகிவிடுகிறார்கள். பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் காரட் மூட்டைகளோடு பேருந்தேறி வரும் பிள்ளைக்கும், நாயுடுபுரத்தில் விரிப்பு துவைக்கும் பிள்ளைக்கும் வாழ்க்கையில் என்ன வேறுபாடு என்று கோட்டை வரைந்தவர்தான் சொல்ல வேண்டும். கோடு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எங்காவது ஒரு கோடு வரைந்துதான் ஆக வேண்டும். ஆனால் விண்ணப்பப் படிவத்தில், ‘நீ படிப்பது எந்த எல்லைக்குள்’ என்ற கேள்விக்குக் கீழே, ‘விடுமுறையில் நீ என்ன வேலை செய்கிறாய்’ என்றும் ஒரு வரி இருந்தால், யாருக்கு அந்த இடம் மிகவும் தேவை என்பது கூடுதலாக விளங்கும்.

இது மலைக்கு மட்டும் உரிய நிலை அன்று. கோடை விடுமுறை என்பது தமிழ்நாட்டில் பல வீடுகளில் பனியன் கம்பெனிக்கும், செங்கல் சூளைக்கும், மாந்தோப்புக் காவலுக்கும், கல்யாண மண்டபப் பந்திக்கும் பிள்ளைகள் போகும் காலம். அந்தந்த ஊரில் அதற்கு ஒரு பெயரும் ஒரு கூலியும் இருக்கும். இலவச முகாம் நடத்தப் புறப்படுகிறவர்கள் பாடத்திட்டத்தை எழுதுவதற்கு முன் அந்தப் பெயரையும் கூலியையும் தெரிந்துகொண்டால் போதும். பாதி வேலை முடிந்த மாதிரி. எந்த மணிக்கு வகுப்பு, எந்த நாட்களில் வகுப்பு, யாருக்கு எவ்வளவு ஈடு என்பதெல்லாம் அந்த இரண்டிலிருந்தே கிடைத்துவிடும். அரசும் பல்கலைக்கழகங்களும் நடத்தும் பெரிய திட்டங்களில் இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குவது இயலாத காரியமா? பள்ளிக்கூடத்தில் சோறு போட முடியுமா என்று கேட்ட காலம் ஒன்றும் இருந்தது.

அடுத்த ஏப்ரலில் மீண்டும் கூட இருக்கிறோம். இம்முறை கணிதத்துக்கு இன்னோர் ஆசிரியரும், சிறு பிள்ளைகளின் அறைக்குக் கொஞ்சம் கதைப் புத்தகங்களும் தேவைப்படுகின்றன. ஈட்டுத் தொகையை 200 ரூபாயாக்க முடியுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மே மாதத்தில் குடும்பத்தோடு கொடைக்கானல் வரும் நண்பர்களிடம் வேண்டிக்கொள்வது ஒன்றே ஒன்று. உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும் பிள்ளையிடம் என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள். பன்னிரண்டாவது முடித்துவிட்டேன் என்று சொன்னால், மதியம் இரண்டு மணிக்கு நாயுடுபுரத்தில் வகுப்பு இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள். அவன் முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.